நமது நிருபர் நான்தான்

உள்ள வாங்க சார். செருப்பை வெளியவே விடுங்க. நாய் தூக்காது, அதுக்கும் ரோசம் இருக்கு.

அப்பா இல்ல. கிரவுண்டுக்குப் போயிருக்காரு. எப்போ வருவாருன்னு கேக்காதீங்க, மேட்ச் முடிஞ்சாத்தான் வருவாரு. முன்னாடியெல்லாம் இப்படிக் கிடையாது. இருங்க, அதையும் சொல்லுதேன். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருக்கா. வீட்டுல நான் மட்டும்தான். என் பேரு பேச்சியம்மாள். பேருக்கேத்த பேச்சுன்னு சொல்ல வாயெடுக்காதீங்க, அந்த ஜோக்கை இந்தக் கோவில்பட்டியில எல்லாரும் சொல்லி முடிச்சாச்சு.

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இந்தா டீ, குடிங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். மதுரை ஆபீஸ்லருந்து விசாரிக்க ஆள் வரும்னு அப்பா சொல்லிட்டாரு. இத்தனை வருசமா அவரைப் பகுதி நேர நிருபர்னு வச்சிருந்தீங்க. பகுதி நேரம்னா வேலை முழு நேரம், சம்பளம்தான் பகுதி. இப்பம் விளையாட்டு நிருபரா நிரந்தரம் பண்ணலாம்னு மேல வரைக்கும் போயிருச்சு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அந்த நேரம் பாத்து ஆபீசுக்கு ஒரு போன். ‘மல்யுத்த ஷோ எழுதுற ஆளை எப்படிய்யா விளையாட்டு நிருபர்னு சொல்லுவீங்க, நாளைக்கு அவர் எழுதுற ஹாக்கியை எவன் நம்புவான்’னு. போன் பண்ணது யாருன்னும் தெரியும். ராஜாமணி சார். விடிவெள்ளி ஹாக்கிக் கழகத்துச் செயலாளர். நான் ஸ்கூல் ஹாக்கி டீம்ல லெஃப்ட் ஹாஃப் ஆடுறப்ப அவர்தான் எங்களுக்கு பி.டி. மாஸ்டர். விசில் ஊதுவாரு. அதுக்கு மேல அவர்ட்ட எதிர்பாக்கக் கூடாது.

இல்ல சார், நான் இப்பம் படிக்கல. பன்னெண்டாவதுல கணக்குல போச்சு. திருப்பி எழுதுன்னாங்க. அதே கணக்கை இன்னொரு தடவை தப்பாப் போடுறதுக்கு எதுக்கு ஃபீஸ் கட்டணும்? விட்டுட்டேன்.

விசயத்துக்கு வருதேன். நான் சுத்தி வளைக்க மாட்டேன். அப்பா அந்த மல்யுத்தத்தை எழுதுனது தப்புதான். பெத்த அப்பாங்கிறதுக்காக நான் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒண்ணை வச்சு ஆளை எடை போட்டுறாதீங்க. மத்ததெல்லாம் சுத்தம். அதை உங்கட்டச் சொல்லணும்னுதான் உக்கார வச்சிருக்கேன், இல்லன்னா வாசலோட அனுப்பியிருப்பேன்.

நீங்க அந்த மல்யுத்தம் பாத்திருக்கீங்களா? டிவியில வர்றது இல்ல, நேர்ல. பாத்திருக்க மாட்டீங்க. பொருட்காட்சியில டெல்லி அப்பளக் கடைக்கும் மரணக் கிணத்துக்கும் நடுவுல மேடை போட்டிருந்தாங்க. நாலு மூலைக்கு நாலு கம்பு, மூணு வரிசை கயிறு, நடுவுல எந்தக் கல்யாண மண்டபத்துலருந்து தூக்கிட்டு வந்தாங்களோ ஒரு மெத்தை. ஒருத்தன் பேரு கரிசல் சிங்கம். அவன் வெள்ளை ஜட்டி. அவனை எதுக்கிறவன் பேரு ரஷ்ய அரக்கன். அவன் கறுப்பு ஜட்டி, மூஞ்சியில முகமூடி. மைக்குல ஒருத்தன் ‘ரஷ்யாவின் பனிமலையிலிருந்து நேரடியாக வந்திருக்கிறார்’ங்கான். நேரடியாம். இங்க கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் நிக்குது, அதுல வந்திருப்பான் போல.

அரக்கன் முதல்ல அடிப்பான். சிங்கம் விழுவான். சின்னப் பிள்ளைகள் அழும். பொறவு சிங்கம் எந்திரிச்சு மீசையை முறுக்குவான். அம்புட்டுதான், முடிஞ்சது கதை. முதல் ரெண்டு நாளும் இதேதான். இதுக்கு டிக்கெட் எடுத்து, பிள்ளையைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ‘குத்துடா, குத்துடா’ன்னு கத்துதானுவ. தோள்ல இருக்கிற பிள்ளைக்கே தெரியும் அது பொய்யின்னு. தூக்கிட்டு நிக்கிறவனுக்குத் தெரியாது.

ஹாக்கி அப்படி இல்லைலா? இந்த ஊர்ல பால் குடி மறக்காத பிள்ளைகூட தென்ன மட்டையை வச்சுப் பந்து அடிக்கும். முழங்கால் சில்லு உடைஞ்சு ஆடுனவங்க உண்டு. எனக்கே இந்தா பாருங்க, பல்லு ஒண்ணு பாதிதான். அந்த ஹாக்கி வர்ற பக்கத்துல போய் சிங்கம், அரக்கன்னு போட்டா பாக்கிறவன் என்ன நினைப்பான்?

அதை எழுதச் சொன்னதே உங்க ஆபீஸ்தான், அது வேற கதை. பொருட்காட்சிக்காரன் கால் பக்கம் விளம்பரம் குடுத்தான். விளம்பரம் குடுத்தவனுக்கு ஒரு நியூஸ் போடணும்னு உங்க ஆள்தான் அப்பாட்டச் சொன்னாரு. நீங்க தலையை ஆட்டாதீங்க, நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அதனால முதல் நாள் அப்பா போனாரு. ஒரு போட்டோ எடுத்துட்டு ஓடி வந்துருவாருன்னு நினைச்சேன். வரல. ஷோ முடிஞ்சுதான் வந்தாரு. வந்தவர் சாப்பிடக்கூட உக்காரல. கண்ணெல்லாம் ஒரு மாதிரி மினுங்குது.

“ஏட்டி பேச்சி, எத்தனையோ வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் ஒரு போட்டியை ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் பாத்தேன்”ங்காரு.

“போட்டியா அது? நாடகம்லா?”ன்னேன்.

“நாடகம்தான். யாரு இல்லைன்னா? ஆனா விழுதவன் நெசமாத்தான் விழுதான்.”

“சினிமாவுலயுந்தான் விழுதான்.”

“சினிமாவுல கயிறு கட்டியிருப்பான். இவனுக்கு அந்த மெத்தை ஒண்ணுதான். அதுவும் நடுவுல பஞ்சு இல்ல. நான் தொட்டுப் பாத்தேன்.”

தொட்டுப் பாத்தாராம். அம்மா அங்கன நின்னு ரசத்தை ஊத்திக்கிட்டே, “ஆமா, வீட்டுல உள்ள மெத்தையில பஞ்சு இருக்கான்னு என்னைக்காவது தொட்டுப் பாத்தீங்களா”ன்னா. 

மறுநாள் மத்தியானம் அந்த ஷோ நடத்துற ஜம்புலிங்கம் வீட்டுக்கே வந்துட்டான். சென்ட் வாசம் அவனுக்கு முன்னாடி உள்ள வருது. கையில ஒரு தாள். அன்னைக்கு ராத்திரி யார் யாரு ஜெயிப்பா, எந்தச் சுத்துல ஜெயிப்பா, எப்படி ஜெயிப்பா, எல்லாம் டைப் அடிச்சு வச்சிருக்கான்.

“அண்ணாச்சி, நீங்க எதுக்குக் கொசுக்கடியில உக்காந்து சிரமப்படணும்? இதை அப்படியே அனுப்பிருங்க. மத்த பேப்பர்க்காரங்களுக்கும் குடுத்தாச்சு.”

“ஆட்டம் ராத்திரிதானடே?”

“அதனாலதான் அண்ணாச்சி இப்பமே வந்தேன். உங்களுக்கு அச்சுக்குப் போற பக்கத்தைச் சீக்கிரம் மூடிருவாங்கள்லா?”

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். வெக்கமே இல்லாம ஆட்டத்துக்கு முன்னாடியே முடிவைக் கொண்டு வந்து குடுக்கான், அதுவும் என்னமோ உபகாரம் பண்ற மாதிரி. அப்பா சிரிக்கல. அந்தத் தாளையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பொறவு என்னை ஒரு பார்வை பாத்தாரு. என்னை எதுக்குப் பாக்கணும்? நானா மல்யுத்தம் நடத்துதேன்?

இப்பம் கவனமாக் கேளுங்க. தப்பு நடந்தது மூணாவது நாள். அன்னைக்குத்தான் விடிவெள்ளிக் கோப்பை அரையிறுதி, கடைசி நாள்ங்கிறதால மல்யுத்தமும் சாயங்காலமே ஆரம்பம். நம்ம ஊர் டீமும் திருநெல்வேலி டீமும். ஊரே கிரவுண்டுல இருக்கு. எந்தக் கிறுக்கனாவது அன்னைக்குப் போய் அப்பளக் கடை பக்கத்துல உக்காருவானா? அப்பா உக்காந்தாரு. நான் வாசல்ல மறிச்சேன்.

“ஹாக்கிக்குத்தான் ராஜாமணி போன் பண்ணிருவாரே. நீ இருக்க. அங்க யாரு இருக்கா?”ன்னுட்டுப் போயிட்டாரு.

சரி, அது நியாயம்தான். ஹாக்கிக்கு எதுக்கு ஆள் போகணும்? ராஜாமணி சார் போன் பண்ணுவாரு, நான் எழுதி அனுப்பிருவேன். எப்பவும் நடக்கிறதுதான.

என்ன சார், ஏன் அப்படிப் பாக்கீங்க?

நான்தான். வேற யாரு? நியூஸ் அனுப்புற போன் எங்கிட்டத்தான் இருக்கு, அவர்ட்ட ஒரு பட்டன் போன். ஸ்கூலை விட்டதுலருந்து விளையாட்டு பூரா நான்தான் எழுதுதேன். ஆபீசுக்குத் தெரியாதா? இதுல மறைக்க என்ன இருக்கு? அவர் பாவம், ஒரு பக்கம் நகராட்சிக் கூட்டம், ஒரு பக்கம் லாரி கவுந்தது, ஒரு பக்கம் கோயில் கொடைத் திருவிழா. எல்லா மேட்ச்சும் சாயங்காலம்தான் நடக்கு. நீங்க இருட்டுறதுக்குள்ள மாவட்டப் பக்கத்தை மூடிருதீங்க. மேட்ச் முடிஞ்சு எழுதுனா எங்க வரும்? அதனால நாலு குவார்ட்டர் ஆட்டத்துல மூணாவது முடிஞ்ச உடனே ராஜாமணி சார் போன் போடுவாரு. ‘இந்தா, முடிஞ்ச மாதிரிதான், எழுதிக்கோ’ம்பாரு. நான் எழுதிக்கிடுவேன். எனக்கு முன்னாடி அப்பாவும் அப்படித்தான் எழுதுனாரு. இந்த மாவட்டத்துல எல்லா நிருபரும் அப்படித்தான். யாரு போய் வெயில்ல உக்காந்திருக்கா?

நான் எழுதுனதை நீங்களே படிச்சிருப்பீங்க. ‘அனல் பறந்த ஆட்டத்தில் கோவில்பட்டி வீரர்கள் எதிரணியின் கோட்டைக்குள் புயலெனப் புகுந்து’. அது நான். ‘ரசிகர்களின் கரவொலி விண்ணைப் பிளந்தது’. அதுவும் நான்தான், அன்னைக்கு மழை, கிரவுண்டுல எத்தனை பேர் இருந்தாங்களோ தெரியாது. ஒரு தப்பு வந்திருக்கா? ஒரு புகார்? மதுரையிலருந்து ஒரு சார் போன்ல, ‘உங்க ஊர் ஹாக்கி நியூஸைப் படிச்சா நேர்ல பாத்த மாதிரி இருக்கு’ன்னு சொன்னாரு. அப்பாட்டத்தான் சொன்னாரு. அப்பா போனை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நான்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன், என்ன சொன்னாங்கன்னு.

கீழ ‘நமது நிருபர்’னு போட்டிருக்கும். அந்த நமது நிருபர் நான்தான். யாருட்டயும் சொன்னது இல்ல, உங்கட்டத்தான் சொல்லுதேன். நல்லா இருக்கும் சார், டீக்கடையில நாலு பேர் சத்தமா வாசிக்கும்போது.

அரையிறுதிக்கு வருதேன். வழக்கம் போல போன் வந்துச்சு. நம்ம டீம் மூணு, திருநெல்வேலி ஒண்ணு. ராஜாமணி சார் குரல்ல அப்படி ஒரு குஷி. “ஏம்மா பேச்சி, நல்லா ரெண்டு வரி சேத்துப் போடு. இறுதிப் போட்டிக்கு முன்னேறியதுன்னு போடு. செயலாளர் ராஜாமணி வாழ்த்தினார்னும் போடு”ங்காரு. போட்டேன். ‘திருநெல்வேலி அணியினர் தலை குனிந்து வெளியேறினர்’னு நானா ஒரு வரி சேத்தேன். அனுப்பிட்டேன். பக்கம் மூடிட்டாங்க.

கடைசி குவார்ட்டர்ல திருநெல்வேலிப் பயலுவ ரெண்டு கோல் போட்டுட்டானுவ. மூணுக்கு மூணு. பொறவு முடிவு தெரிய ஷூட் அவுட். அதுல நம்ம ஆளுக தோத்துட்டாங்க.

ராஜாமணி சார் திருப்பிப் போன் பண்ணல. கேட்டா, தோத்த துக்கத்துல மறந்துட்டேன்னுட்டாரு.

மறுநாள் காலையில போய்ப் பாத்திருக்கணும் நீங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில திருநெல்வேலி டீம் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஒருத்தன் வாசிக்கான். இன்னொருத்தன், “எலேய், நாம தோத்துட்டோம்லே. பேப்பர்ல போட்டிருக்கு. வா, தலையைக் குனிஞ்சுக்கிட்டே பஸ் ஏறுவோம்”ங்கான். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வரிசையா நடந்து காட்டுதானுவ. டீக்கடைக்காரர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு. நான் பால் வாங்கப் போயிருந்தேன். வாங்காம வந்துட்டேன்.

அதுக்குள்ள ராஜாமணி சார் ஊர் பூரா சொல்லிட்டாரு: ‘நிருபர் அரையிறுதிக்கு வராம மல்யுத்தம் பாக்கப் போயிட்டாரு, அதனாலதான் தப்பு.’ பாத்தீங்களா சார்? என்னைக்குமே வராத ஆளு அன்னைக்கு வரலைன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மல்யுத்தத்துக்குப் போனதாலதான் ஊருக்கே தெரிஞ்சுது. நகராட்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். அதனாலதான் சொல்லுதேன், அந்த மல்யுத்தம்தான் அவர் மரியாதையைக் கெடுத்துது.

சரி, அங்க போயாவது என்ன கிழிச்சாரு? அதையும் கேளுங்க.

அன்னைக்கு ஜம்புலிங்கம் தாள்ல என்ன இருந்துச்சுன்னா, அரக்கனைச் சிங்கம் தலைக்கு மேல தூக்கிப் போட்டு ஜெயிக்கணும். சிங்கம் தூக்கியிருக்கான். போட்டிருக்கான். பஞ்சு இல்லைன்னாரே, அந்த நடு மெத்தையில அரக்கன் தோள் போய் இறங்கியிருக்கு. தோள்பட்டை கழண்டுருச்சு. அரக்கன் என்ன கத்துனான் தெரியுமா? “யம்மா! யம்மா! தோளு போச்சே, எசமானே!”

கூட்டம் உருண்டு சிரிக்கு. “எலேய், ரஷ்யாக்காரன் தமிழ் பேசுதாம்லே!”ன்னு ஒருத்தன் எந்திரிச்சுக் கத்துதான். மைக்குல இருந்தவன் அவன் பங்குக்கு, “ரஷ்ய அரக்கன் வலி தாங்காமல் தமிழ் கற்றுக்கொண்டான்!”ங்கான். கைதட்டு. அரக்கன் ஒத்தக் கையால முகமூடியைக் கழட்டப் பாக்கான், வரல. அது பின்னாடி முடிச்சுப் போட்டிருக்கும் போல. சிங்கம் அவன் மேல ஏறி அமுக்கி ஜெயிக்கணும், அதானே தாள்ல இருக்கு. அவன் ஏறல. முட்டி போட்டு உக்காந்து முடிச்சை அவுத்து விட்டிருக்கான். ‘குத்துடா’ன்னு கத்துன கூட்டம் அப்பவும் ‘குத்துடா’ன்னுதான் கத்துது.

இதெல்லாம் அப்பா சொன்னதுதான், நான் பாக்கல. அப்பா முதல் வரிசையில இருந்து எந்திரிச்சு கயித்துக்குள்ள குனிஞ்சு போயிருக்காரு. வேட்டியோட. கூட்டத்துக்கு இன்னும் குஷி. “மூணாவது பயில்வான் வாராருடோய்!”ன்னு விசில். என் அப்பாவைப் பாத்து, சார். எனக்கு அதைக் கேட்டப்ப எப்படி இருந்திருக்கும்? ஊர்ல ஒரு மனுசன் நிருபர்னு பேர் எடுத்து, கடைசியில மல்யுத்த மேடையில ஜோக்கரா நிக்காரு.

அவரும் சிங்கமும்தான் அந்த ஆளை ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. ஜம்புலிங்கம் போகல, அடுத்த ஆட்டம் இருக்குன்னுட்டான். மைக்குல ‘கரிசல் சிங்கம் வெற்றி’ன்னு சொல்லிட்டான். மத்த பேப்பர்ல எல்லாம் அதுதான் வந்துச்சு. தாள்ல இருந்தது அப்படியே. படத்தோட.

அப்பா மட்டும் வேற எழுதுனாரு. அதுவும் ஒரு நாள் கழிச்சு. எங்கிட்டக் குடுங்க, நான் நல்லா எழுதித் தாரேன்னேன். குடுக்கல. அவரே ஒத்த விரலால அந்த போன்ல தட்டித் தட்டி எழுதுனாரு. எனக்கு மனப்பாடம், சொல்லட்டுமா? ‘ரஷ்யாவைச் சேர்ந்தவர் என அறிவிக்கப்பட்டவரின் பெயர் சகாயராஜ். ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம். இந்த ஆட்டத்தில் இவர் தோற்பதாக இருந்தது. அதற்குள் இவருடைய தோள் இறங்கிவிட்டது. எதிரில் நின்றவர் அதன் பிறகு இவரை அடிக்கவில்லை. ஆட்டம் நின்றது. யாரும் வெற்றி பெறவில்லை.’

இவ்வளவுதான். ஒரு அனல் இல்ல, ஒரு பரபரப்பு இல்ல. கரவொலிகூட இல்ல. இதை நியூஸ்னு எவன் படிப்பான்? தோக்குறதுக்குக் கூலி வாங்குறவன் தோத்தா அது நியூஸா? ஜம்புலிங்கத்துக்கும் கோவம், அரக்கன் ஓட்டப்பிடாரத்துக்காரன்னு போட்டு வியாபாரத்தைக் கெடுத்துட்டீங்களேன்னு. நாடகம் நடத்துறவனுக்கும் ஆகல, ஹாக்கி நடத்துறவருக்கும் ஆகல. இப்படி ஒரு நியூஸ்.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அதுக்குக் கீழ அவர் பேரைப் போட்டிருக்காங்க. ச. சங்கரபாண்டி. ஆபீசுக்குப் போன் பண்ணி அவரே கேட்டு வாங்குனது. இத்தனை வருசத்துல ஒண்ணுகூட கேக்காத மனுசன் கேக்காரேன்னு போட்டுட்டாங்க போல. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்.

“ஏம்ப்பா, எவ்வளவு ஹாக்கி போயிருக்கு, எவ்வளவு கபடி போயிருக்கு, அதுல ஒண்ணுலகூட பேர் போடச் சொல்லலையே. போயும் போயும் இந்தக் கண்றாவிக்கா உங்க பேரு?”

அவர் சட்டையை மாட்டிக்கிட்டே சொல்லுதாரு, “நான் பாத்ததுக்கு என் பேரு. பாக்காததுக்கு நமது நிருபர்.”

என்ன திமிரு பாத்தீங்களா? அப்போ நான் எழுதுனதெல்லாம்?

இருங்க, ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அரையிறுதி தப்பா வந்த அன்னைக்குக் காலையில அப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்தாரு. பேப்பர் முத்தத்துல கிடக்கு. எடுத்துப் படிச்சாரு. திட்டுவாருன்னு நினைச்சு நானும் பதிலோட ரெடியா நிக்கேன். திட்டல. “தலை குனிந்து வெளியேறினர்னு போட்டிருக்கியே, நீ பாத்தியா?”ன்னு மெதுவாத்தான் கேட்டாரு.

“நீங்க என்னைக்காவது பாத்தீங்களா?”ன்னேன்.

நான் சும்மா வாய்க்கு வாய் பேசுனதுதான். எப்பவும் அப்படித்தான பேசுதேன். ஆனா அவர் அந்த வரி வெளிய தெரியுற மாதிரி பேப்பரை மடிச்சு அலமாரியில வச்சாரு. குளிச்சாரு, சாப்பிட்டாரு. சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனாரு. அன்னைக்கு மூணாவது இடத்துக்கான மேட்ச்சு. சப்பை மேட்ச்சு, யாரும் பாக்க மாட்டாங்க. விளக்கை அணைக்கிற வரைக்கும் உக்காந்திருந்துட்டு வந்து, அவரே எழுதுனாரு. ஒரு நாள் கழிச்சு வந்துச்சு. மத்த பேப்பர்லாம் முன்னாடி நாளே போட்டாச்சு.

அதுலருந்து இதே கதைதான். எந்த மேட்ச்சுனாலும் போயிருதாரு. ‘முடியட்டும், நான் வந்து எழுதுதேன்’ங்காரு. நியூஸ் பூரா ஆறிப் போய் வருது. நான் சும்மா உக்காந்திருக்கேன். மல்யுத்தம் பாத்துக் கெட்டுப்போன மனுசன் சார், நான் வேற என்ன சொல்ல?

இப்பம் உங்களுக்கு விளங்கியிருக்கும். அவர் நல்ல நிருபர். மல்யுத்தத்துக்கு முன்னாடி வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. அதைப் பாத்து நிரந்தரம் பண்ணுங்க. அந்த ஹாக்கித் தப்புக்கு அவர் பொறுப்பு இல்ல, வேணும்னா பேப்பரை எடுத்துப் பாருங்க, அவர் பேரே இருக்காது. நமது நிருபர்னுதான் இருக்கும். விசாரிக்கிறதா இருந்தா என்னை விசாரிங்க.

ஏன் சார் டீயைக் குடிக்காம வச்சிருக்கீங்க? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டனா?

இருங்க, போன் அடிக்குது. ராஜாமணி சார்தான். இந்த மனுசனுக்கு வெக்கம்னு ஒண்ணு கிடையாது. ஆபீசுக்குப் போன் போட்டு எங்க அப்பா கழுத்தை அறுத்துட்டு, நியூஸுக்கு மட்டும் இங்கதான் வருவாரு. நான் ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்களே கேளுங்க. சும்மா மூச்சு விடாம இருங்க.

“சொல்லுங்க சார்.”

“ஏம்மா பேச்சி, எழுதிக்கோ. நம்ம டீம் ரெண்டு, தூத்துக்குடி பூஜ்யம்.”

“அப்பா அங்கதான சார் இருக்காரு?”

“இருக்காரு, இருக்காரு. அந்தா ஒத்தையில கேலரியில உக்காந்திருக்காரு, மழைக்குக் காத்துக் கிடக்கிற கொக்கு மாதிரி. அவர் எழுதி என்னைக்கு வர? நீ அனுப்பிரு.”

“முடிஞ்சிருச்சா சார்?”

“முடிஞ்ச மாதிரிதாம்மா.”

வச்சுட்டாரு.

பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்? இப்பம் நான் அனுப்புனா நாளைக்குக் காலையில சூடா வந்துரும். எனக்கு யோசிக்கக்கூட வேண்டாம், விரல் அதுபாட்டுக்கு அடிக்கும். இந்தா, ‘பரபரப்பான ஆட்டத்தில் கோவில்பட்டி அணி இரண்டு, பூஜ்யம் என்ற கோல் கணக்கில்’. அடிச்சாச்சு. இனி ஒரே ஒரு அமுக்கு.

சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு? கிரவுண்டு இங்கருந்து ரெண்டு தெருதான், காத்து இந்தப் பக்கம் அடிச்சா எல்லாம் கேக்கும். கோல் விழுந்தா இப்படித்தான் கத்துவாங்க.

யாரு போட்டான்னு தெரியல. நம்ம ஆளுகளாத்தான் இருக்கும். இல்ல, தூத்துக்குடிக்காரனும் ஒரு லாரி நிறைய ஆள் கொண்டு வந்திருக்கான்னு பால்காரர் சொன்னாரு.

இந்தா, இன்னொண்ணு.

என்ன சார் என்னையே பாக்கீங்க? போனைக் கீழ வச்சுட்டேன், போதுமா? டீ ஆறிருச்சு, குடுங்க, சூடு பண்ணிக் கொண்டு வாரேன்.

அப்பா வரட்டும்.